பொற்கலசமும் அணுவின் நிறையும்

திருச்சிற்றம்பலம்

யாகசாலையினின்று மறையொலியும் திருமுறை ஒலியும் ஒருங்கே எழ, கடங்கள் புறப்பட்டு விமானத்தை அடைய, புனித நீர் கலசத்தின்மேல் வீழும் அந்த ஒரு கணத்தைக் காண்பதற்காகவே ஊர் முழுதும் அண்ணாந்து நிற்கின்றது. காவிரிக் கால்வாய்கள் பாயும் இத்தஞ்சை நாட்டில், குறுவை அறுத்த களைப்பையும் சம்பா நட்ட கவலையையும் ஒருசேர மறந்து மக்கள் ஒன்றுகூடும் திருநாள் குடமுழுக்குத் திருநாளே ஆகும். அந்நாளில் நம் கண்கள் யாவும் பொருந்தும் இடம் கலசம். அக்கலசத்தின் மேற்பூசிய பொன்னைப் பற்றியும், அப்பொன்னின் நிறை உண்மையில் எங்கே உறைகின்றது என்பதைப் பற்றியும் சில சொற்கள் எழுதப் புகுகின்றேன்.

குடமுழுக்கு மலரில் அணுவிற்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். அவ்வினாவிற்கு விடை கூறுமுன் என் பிழையொன்றை ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

பழைய மலரும் ஒரு வினாவும்

இரு குடமுழுக்குகளுக்கு முன்னர், அதாவது ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகட்கு முன்னர், இத்திருக்கோயில் வெளியிட்ட மலரில் அடியேன் ஒரு கட்டுரை வரைந்திருந்தேன். அணுவின் நடுவே கரு ஒன்று உளது என்பதையும், அணுவின் நிறை முழுதும் அக்கருவிலே அடங்கியுளது என்பதையும் நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே கண்டுரைத்தனர் என்றும், மேலைநாட்டார் அதனை நேற்றுத்தான் அறிந்தனர் என்றும் அக்கட்டுரையில் அழுத்தந்திருத்தமாக எழுதினேன். படித்தவர் பலரும் பாராட்டினர். யானும் மகிழ்ந்தேன்.

மண்டலாபிடேகம் நிறைவெய்திய நாளன்று, பள்ளியொன்றில் அறிவியல் கற்பிக்கும் இளைஞர் ஒருவர் மண்டபத்தில் என்னை அணுகி வணங்கி நின்றார்.

"ஐயா, தங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சிறு ஐயம் உண்டு, கேட்கலாமா?" என்றார்.

"தாராளமாகக் கேளுங்கள், தம்பி" என்றேன்.

"அணுவின் நிறை கருவில் இருப்பதாக நம் நூல்களில் உளது என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த நூலில், எவ்விடத்தில், எவ்வளவு நிறை என்று உளது?"

யான் இரண்டு மூன்று நூல்களின் பெயர்களைக் கூறினேன். அவர் பணிவு மாறாமல், "அந்நூல்களில் அணு என்ற சொல் உளது, ஐயா, கரு என்ற சொல்லும் உளது. ஆனால் நிறுத்துப் பார்த்த செய்தி இல்லையே? பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு குன்றிப் பொன்னையும் விடாமல் நிறுத்தல்லவா எழுதியிருக்கிறார்கள்? கோயிலுக்குள் நாம் மட்டும் நிறுக்காமல் எழுதலாமா?" என்றார்.

அவ்வினாவிற்கு அன்று யான் விடை கூறவில்லை. வயது குறைந்தவர் ஒருவர் திருத்தினார் என்ற நாணம் தடுத்தது. ஆதீனத் திருமடத்தில் பாடம் கேட்ட நாளில், பாட்டில் இல்லாத பொருளை உரையில் ஏற்றுதல் பெருங்குற்றம் என்று எம் ஆசிரியர் பன்முறை இடித்துரைத்தது அன்றிரவு நினைவிற்கு வந்தது. அக்குற்றத்தையே யான் செய்திருந்தேன். அதன்பின் அவ்விளைஞரையே ஆசிரியராகக் கொண்டு பல மாலைப்பொழுதுகளில் அணுவியலைக் கேட்டறிந்தேன். கோயில் மலரில் நேர்ந்த பிழைக்குக் கோயில் மலரிலேயே கழுவாய் தேடுதல் தகும் என்பதால், எழுபது கடந்த இவ்வயதில் இதனை எழுதுகின்றேன். பழைய மலரை இல்லத்தில் வைத்திருக்கும் அன்பர்கள் அதனோடு இதனையும் சேர்த்து வைப்பாராக.

கல்லில் பொறித்த நிறை

தஞ்சை இராசராசேச்சரத்தின் திருவிமானத்தை எடுப்பித்த முதலாம் இராசராச சோழன், தன் ஆட்சியின் இருபத்தைந்தாம் ஆண்டில், 275ஆம் நாளில், அவ்விமானத்தின் உச்சியிலுள்ள தூபித்தறியில் வைப்பதற்குச் செப்புக்குடம் ஒன்றை அளித்தான். அது கி.பி. 1010ஆம் ஆண்டு. அக்குடத்தின் செம்பு 3,083 பலம் என்றும், அதன்மேல் போர்த்த பொற்றகடு 2,926½ கழஞ்சு என்றும் கல்வெட்டு கூறுகின்றது.

இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. அரசன் அளித்த பெருங்கொடையாயினும், பிறர் அளித்த சிறுகொடையாயினும், நிறை குறிக்கப்பெறாமல் விடப்பட்டதில்லை. பொன்னை நிறுப்பதற்கு ஆடவல்லான் என்னும் பெயருடைய கல்லும், மணிகள் பதித்த அணிகளை நிறுப்பதற்குத் தட்சிணமேரு விடங்கன் என்னும் பெயருடைய கல்லும் அக்கோயிலில் இருந்தன. எடைக்கல்லிற்கு இறைவன் திருநாமத்தைச் சூட்டினமையின் கருத்து யாது? பொய்யெடை நிறுப்பவன் இறைவன் திருமுன்பே பொய்யுரைப்பவன் ஆகின்றான் என்பதே அன்றோ! மெய்யான நிறையைக் காண்பது வழிபாட்டிற்குப் புறம்பானதன்று என்பதை அக்கற்கள் நமக்கு உணர்த்துகின்றன.

அந்த 2,926½ கழஞ்சுப் பொன்னை நாமும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்போம். துலாக்கோலால் அன்று, இக்கால அறிவியல் கண்ட கோலால்.

முன்னோர் கூறிய அணு

அதற்குமுன் நம் நூல்கள் உண்மையில் கூறியது யாது என்பதைத் தெளிதல் வேண்டும். பொருள்களைப் பகுத்துக்கொண்டே சென்றால் பகுக்கவொண்ணாத நுண்பொருள் எஞ்சும் என்றும், அதுவே பரமாணு என்றும் கணாதரின் வைசேடிகம் கூறிற்று. தமிழில், மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை ஆசீவகரின் அணுக்கொள்கையை விரித்துரைக்கின்றது. நிலம், நீர், தீ, காற்று என்பவற்றின் அணுக்களோடு உயிரையும் சேர்த்து ஐந்தென எண்ணிய அவர்கள், அணு புதிதாய்த் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை என்றனர். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் ஆசீவகரின் மதத்தை எடுத்துக்கூறி மறுக்கின்றார்.

நம் சித்தாந்த நூலோர் பரமாணுவை உலகிற்கு முதற்காரணமாகக் கொள்ளவில்லை. அறிவற்றதாய்ப் பலவாய் இருக்கும் பொருள் எதுவாயினும் அது காரியமே. அதற்கு மேலும் ஒரு காரணம் வேண்டும். அக்காரணம் மாயை என்பது அவர்தம் துணிபு. அன்றியும், அணு என்னும் சொல்லை அவர்கள் உயிருக்கும் வழங்கினர். எங்கும் நிறைந்து நிற்கும் இயல்புடைய உயிரை ஆணவமலம் மறைத்து அணுப்போலச் சுருக்குதலின் அவ்வாறு வழங்கினர்.

இவையெல்லாம் ஆழ்ந்த சிந்தனைகள். ஆயினும் இவை தருக்கத்தால் கண்டவையே அன்றி, அளந்து கண்டவை அல்ல. அணுவிற்குள் கரு உண்டென்றோ, நிறை அக்கருவில் உளதென்றோ இவை யாண்டும் கூறவில்லை. இல்லாததை உண்டென்று சொல்லி முன்னோரைப் பெருமைப்படுத்த முயல்வது, நம்மிடம் உள்ள பெருமை போதாது என்று நாமே ஒப்புக்கொள்வதாக முடியும். இதனை உணராமல் அன்று யான் எழுதினேன்.

பொற்றகட்டில் கண்ட வியப்பு

அணுவின் உள்ளமைப்பு அளந்து காணப்பட்ட வரலாறு நூற்றிருபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டதே. 1897ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்சன் என்பார் எலெக்ட்ரான் என்னும் எதிர்மின் துகளைக் கண்டார். அணு பகுக்கவொண்ணாதது என்ற கொள்கை அன்றே தளர்ந்தது. எதிர்மின் துகள்கள் உள்ளே இருப்பின், அவற்றை ஈடுசெய்ய நேர்மின்சாரமும் இருத்தல் வேண்டும். சர்க்கரைப் பொங்கலில் முந்திரிப் பருப்பு ஆங்காங்கே புதைந்திருப்பது போல, நேர்மின்சாரம் அணு முழுதும் பரவியிருக்க, எலெக்ட்ரான்கள் அதனுள் பதிந்திருக்கின்றன என்று தாம்சன் 1904இல் கருதினார். எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை மிகக் குறைவே என்பதையும், ஆதலின் அணுவின் நிறையில் பெரும்பங்கு நேர்மின்சாரம் உள்ள பகுதியைச் சார்ந்திருத்தல் வேண்டும் என்பதையும் 1906இல் அவரே காட்டினார். ஆயின் அப்பகுதி பொங்கல்போல் பரவியுளதா, ஓரிடத்தில் திரண்டுளதா என்பது எஞ்சி நின்ற வினா.

விடை பொன்னிலிருந்து வந்தது. மான்செஸ்டர் நகரில் ரூதர்ஃபோர்டு என்னும் பேராசிரியரின்கீழ் ஹான்ஸ் கைகர் என்பாரும், இருபது வயதே நிரம்பிய எர்னஸ்ட் மார்சுடன் என்னும் மாணவரும் ஆய்வு செய்துவந்தனர். ரேடியம் போன்ற பொருள்களிலிருந்து ஆல்ஃபா துகள்கள் என்னும் நேர்மின் துகள்கள் பெருவேகத்துடன் வெளிப்படும். அவற்றை மெல்லிய உலோகத் தகடுகளின்மேல் பாய்ச்சி, எத்திசையில் செல்கின்றன என்று அவர்கள் கணக்கிட்டனர். பொன்னைப்போல் மெல்லிதாக அடிக்கத்தக்க உலோகம் வேறில்லை என்பதை நம் தட்டார் நன்கறிவர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லிய பொற்றகடு அவ்வாய்விற்குப் பயன்பட்டது.

நிறை பொங்கல்போல் பரவியிருந்தால் எல்லாத் துகள்களும் சிறிதே வளைந்து தகட்டைக் கடந்து செல்லவேண்டும். மிகப் பல அவ்வாறே சென்றன. ஆனால், 1909இல் அவ்விருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, உலோகத் தகட்டில் பட்ட ஏறத்தாழ 8,000 துகள்களில் ஒன்று வந்த திசையை நோக்கியே திரும்பிற்று.

இதன் வியப்பை நம் ஊர்க் களத்தில் வைத்துக் காண்போம். வைக்கோற்போர் ஒன்றின்மேல் வில்லால் உண்டைகளை எய்கின்றோம். எல்லாம் உள்ளே நுழைந்து மறுபுறம் போகின்றன. திடீரென்று ஓர் உண்டை எய்தவன் முகத்தை நோக்கியே திரும்பி வருகின்றது. வைக்கோல் உண்டையைத் திருப்பாது. ஆகவே உள்ளே எங்கோ கல்லுரல் ஒன்று மறைந்திருத்தல் வேண்டும். எத்தனை உண்டையில் ஒன்று திரும்பிற்று என்பதைக் கொண்டு, உரல் எவ்வளவு பெரிது என்பதையும் கணிக்கலாம். 1911இல் ரூதர்ஃபோர்டு செய்தது இக்கணக்கே. அணுவின் நேர்மின்சாரமும் அதன் நிறையில் மிகப் பெரும்பங்கும் நடுவிலுள்ள மிகச் சிறிய கருவொன்றில் திரண்டுள்ளன என்று அவர் முடிவு செய்தார்.

அக்கருவினுள் புரோட்டான் என்னும் நேர்மின் துகள் இருப்பது 1919இல் அவராலேயே அறியப்பட்டது. மின்சாரம் அற்ற நியூட்ரான் என்னும் துகளை அவர் மாணவர் ஜேம்ஸ் சாட்விக் 1932இல் கண்டார். பொன்னின் அணுக்கருவில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் உள்ளன. அக்கருவைச் சூழ்ந்து 79 எலெக்ட்ரான்கள் உள்ளன. ஒரு புரோட்டானின் நிறை ஓர் எலெக்ட்ரானின் நிறையைப்போல் ஏறத்தாழ 1,836 மடங்கு.

நிறை உறையும் இடம்

இனி இராசராசன் அளித்த பொன்னை நிறுப்போம். பொன்னணுவின் நிறையில் நூற்றுக்கு 99.97 பங்கிற்கு மேல் கருவில் உளது. எலெக்ட்ரான்களின் பங்கு நூற்றுக்கு 0.022 மட்டுமே. 2,926½ கழஞ்சையும் தூய பொன்னாகக் கொண்டால், அதிலுள்ள எலெக்ட்ரான்கள் அனைத்தையும் திரட்டினும் ஏறத்தாழ 13 மஞ்சாடியே தேறும். ஒரு கழஞ்சுகூட நிரம்பாது. எஞ்சியது முழுதும் அணுக்கருக்களின் நிறையே.

அக்கருக்கள் எத்துணை இடத்தை அடைத்துள்ளன? பொன்னணுவின் விட்டம் அதன் கருவின் விட்டத்தைப்போல் சுமார் 20,000 மடங்கு. பெரிய கோயிலின் திருச்சுற்று ஏறத்தாழ 240 மீட்டர் நீளமுடையது. பொன்னணு ஒன்று அத்திருச்சுற்றின் நீளத்திற்கு வளர்ந்துவிட்டதாகக் கொள்வோம். அப்போது அதன் கரு ஒரு சுண்டைக்காய் அளவே இருக்கும். அச்சுண்டைக்காயில்தான் நிறை ஏறக்குறைய முழுதும் அடங்கியுளது. பொற்றகட்டின் கருக்களை மட்டும் நெருக்கி ஒன்றாக்கினால், 2,926 கழஞ்சும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு தூசிக்குள் ஒடுங்கிவிடும்.

அவ்வாறாயின் அணுவின் எஞ்சிய இடம் வெறும் பாழோ எனின், அன்று. எலெக்ட்ரான்கள் அலையின் இயல்பும் உடையனவாதலின், அவ்விடம் முழுதும் பரந்து நிற்கின்றன. ஒரு பொருள் மற்றொரு பொருளுக்குள் புகாமல் தடுப்பவை அவையே. மண்டபத்தின் கற்றளத்தில் நாம் அமுங்காமல் அமர்ந்திருப்பதும் அவற்றாலேயே. பொன்னின் மஞ்சள் நிறமும் மின்னும் ஒளியும் எலெக்ட்ரான்களின் செயலே. கருவிற்கு நிறை உண்டு. கண்ணைக் கவரும் அழகு இல்லை. காலைக் கதிரவன் பட்டவுடன் கலசம் சுடர்விட, நான்கு கல் தொலைவில் வயலில் நிற்கும் உழவன் கைகூப்புகின்றானே, அவன் காணும் ஒளி முழுதும் அந்தப் பதின்மூன்று மஞ்சாடியின் கொடை.

திருப்பணிக்கு நூறாயிரம் அளித்தவரும் உளர். காதில் கிடந்த பொன்னைக் கழற்றித் தந்த மூதாட்டியும் உளர். நிறையால் மிக்கது ஒன்று; ஒளியால் மிக்கது மற்றொன்று. இவ்விரண்டும் கூடியதே பொன் என்பதை அன்பர்கள் கருதுவாராக.

இயற்கையின் சேதாரம்

பொன்வேலை செய்வோர் சேதாரம் என்று ஒரு கணக்கு வைப்பர். இயற்கையும் அவ்வாறொரு கணக்கு வைத்துள்ளது. 79 புரோட்டான்களையும் 118 நியூட்ரான்களையும் தனித்தனியே நிறுத்துக் கூட்டினால் வரும் நிறை, அவை கூடி அமைந்த பொன்னின் கருவின் நிறையினும் மிகுதியாக உளது. நூற்றுக்கு ஒன்றினும் சற்றுக் குறைவான பங்கு காணாமற்போகின்றது. மேற்கூறிய பொற்றகட்டிற்கு இக்கணக்கைச் செய்தால் ஏறத்தாழ 25 கழஞ்சு வரும்.

அந்த 25 கழஞ்சு எங்கே போயிற்று? நிறையும் ஆற்றலும் ஒன்றன் இரு வடிவங்கள் என்று ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் 1905இல் காட்டினார். துகள்கள் கூடிக் கருவாகியபோது அந்நிறை ஆற்றலாக வெளிப்பட்டது. அது நம் உலகில் நிகழ்ந்ததன்று. பொன் போன்ற கனத்த தனிமங்கள் விண்மீன்களின் பெருநிகழ்வுகளில் உண்டாகின்றன. 2017 ஆகஸ்டு 17ஆம் நாள், இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் அதிர்வை அறிஞர்கள் பதிவு செய்தனர். அம்மோதலில் கனத்த தனிமங்கள் உண்டானதற்கான அடையாளங்களையும் அதன் ஒளியில் கண்டனர். நம் கலசத்துப் பொன், காவிரி தோன்றுவதற்கும் இம்மண் தோன்றுவதற்கும் முன்னரே விண்ணில் விளைந்தது.

கருவினுள் அடங்கிய இவ்வாற்றல் நன்மைக்கும் தீமைக்கும் பொது. 1945இல் ஹிரோஷிமா நகரை அழித்த குண்டில் ஆற்றலாக மாறிய நிறை ஒரு கிராமிற்கும் குறைவே. நம் தமிழ்நாட்டில், மாமல்லபுரத்தை அடுத்த கல்பாக்கத்தில் 1983இல் இயங்கத் தொடங்கிய அணுமின் நிலையமும் அணுக்கருவின் ஆற்றலையே மின்சாரமாக மாற்றுகின்றது.

காவிரிக் குடியில் தோன்றிய அறிஞர்

நிறை கருவினது, தாங்கும் வலிமை எலெக்ட்ரானினது என்னும் இவ்வுண்மையை விண்மீன்களில் வைத்துக் கணக்கிட்ட பெருமை காவிரிக் கரையோடு தொடர்புடைய ஒரு குடும்பத்தைச் சார்ந்தது. சர் சி. வி. இராமன் 1888இல் திருவானைக்காவில் பிறந்தவர். அவர்தம் முன்னோர் தஞ்சை மாவட்டத்தில் நிலபுலம் உடையவராய் வாழ்ந்தவர். இராமனின் தமையனார் மைந்தரே சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் தம் பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்திற்குக் கப்பலேறினார்.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் நிறையின் ஈர்ப்பால் சுருங்கி வெண்குறுமீன் என்னும் நிலையை அடைகின்றது. அதன் நிறையைத் தருபவை அணுக்கருக்கள். மேலும் சுருங்காமல் தாங்கி நிற்பவை எலெக்ட்ரான்கள். அத்தாங்கும் வலிமைக்கு எல்லை உண்டா என்று கப்பற் பயணத்திலேயே சந்திரசேகர் கணக்கிட்டார். நம் கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேற்பட்டால் எலெக்ட்ரான்களால் தாங்கவியலாது என்று கண்டார். 1935 ஜனவரியில் இலண்டன் மாநகரின் வானியல் அவையில், எடிங்டன் என்னும் புகழ்பெற்ற மூதறிஞர் அம்முடிவைப் பலர்முன் எள்ளி மறுத்தார். இளைஞரான சந்திரசேகர் தம் கணக்கைக் கைவிடவில்லை. காலம் அவர் பக்கமே சான்று பகர்ந்தது. 1983இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

இவ்வரலாற்றைப் படித்தபோது யான் என்னை எண்ணி நாணினேன். மூதறிஞர் என்ற பெயர் ஒருவர் கூற்றை மெய்யாக்கிவிடாது. இளைஞர் என்ற காரணம் ஒருவர் கணக்கைப் பொய்யாக்கிவிடாது. துலாக்கோல் வயதைப் பார்ப்பதில்லை.

நிறைக்குள் நிறை

அணுவின் நிறை கருவில் உளது. கருவின் நிறை புரோட்டானிலும் நியூட்ரானிலும் உளது. இத்துடன் வினா முடிந்ததோ எனின், முடியவில்லை. அவ்விரண்டும் குவார்க்குகள் என்னும் நுண்துகள்களால் ஆனவை என்னும் கருத்து 1964இல் தோன்றி, 1968இல் தொடங்கிய ஆய்வுகளால் உறுதிபெற்றது. ஒரு புரோட்டானில் அடிப்படையாக மூன்று குவார்க்குகள் உள. அவற்றின் தனித்த நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் நூற்றில் ஒரு பங்களவே வருகின்றது. எஞ்சிய தொண்ணூற்றொன்பது பங்கும் குவார்க்குகளின் ஓயாத இயக்கத்திலும், அவற்றைப் பிணைத்து நிற்கும் குளுவான் புலத்திலும் உள்ள ஆற்றலே. 2008இல் பெருங்கணிப்பொறிகளைக் கொண்டு இக்கணக்கைச் செய்தவர்கள், அளந்து கண்ட நிறையோடு அது நெருங்கிப் பொருந்துவதைக் காட்டினர். 2012 ஜூலை 4ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள், எலெக்ட்ரானும் குவார்க்கும் தம் சிறு நிறையைப் பெறும் வகையை விளக்குவது. நாம் துலாக்கோலில் காணும் நிறையில் பெரும்பங்கோ, இயக்கமும் பிணைப்பும் தரும் நிறையே.

அந்த ஹிக்ஸ் துகளைக் கண்ட ஜெனீவா நகரத்து ஆய்வு நிலையமான செர்ன் வளாகத்தில், பாரத அரசு வழங்கிய நடராசப் பெருமானின் திருவுருவம் 2004 ஜூன் 18 முதல் நின்று விளங்குகின்றது. சோழநாட்டு மரபில் ஆடவல்லான் என்பது அப்பெருமானின் திருநாமம். பொன்னை நிறுக்கும் கல்லிற்கு இராசராசன் காலத்தார் சூட்டிய திருநாமமும் அதுவே. நிறையின் மூலத்தைத் தேடும் இடத்தில் ஆடவல்லான் நிற்பதைக் காணும்போது சைவர் உள்ளம் உருகாதிருக்குமா?

ஆயினும் ஒன்று. இவ்வியைபைக் கண்டு மகிழலாம். இதனைச் சான்றாகக் காட்டி, குவார்க்கின் இயக்கமே திருநடனம் என்றும், இதனை நாம் முன்பே அறிந்திருந்தோம் என்றும் உரைத்தல் ஆகாது. அங்ஙனம் உரைத்தால் பழைய மலரின் பிழையை இம்மலரிலும் செய்தவன் ஆவேன். உவமை வேறு, அளவை வேறு. நம் தத்துவம் காட்சி, அனுமானம், ஆகமம் என்னும் அளவைகளை வகுத்து, எதனை எதனால் அறிய வேண்டும் என்று வரையறுத்த பெருமையுடையது. கண்ணாலும் கருவியாலும் அறியவேண்டியதை அவற்றால் அறிதலே அவ்வளவை நெறிக்குச் செய்யும் மரியாதை.

நிறைவாக

தமிழில் நிறை என்னும் சொல்லிற்கு எடை என்றும் பொருள். நிரம்புதல் என்றும் பொருள். நெஞ்சை நிறுத்தும் உறுதி என்றும் பொருள். கலசத்தின் நிறையை அரசன் கல்லில் எழுதினான். அணுவின் நிறை உறையும் இடத்தை அறிஞர் பொற்றகட்டில் கண்டனர். சொல்லின் நிறையைக் காப்பது எழுதுவோர் கடன்.

அன்று வினவிய அவ்விளைஞர் இன்று நரை கண்டு, பணி ஓய்வும் பெற்றுவிட்டார். இக்கட்டுரையை அச்சிற்குக் கொடுக்குமுன் அவரிடம் காட்டினேன். முழுதும் படித்து, எலெக்ட்ரான் கணக்கை மட்டும் ஒருமுறை தாமே போட்டுப் பார்த்து, "பதின்மூன்று மஞ்சாடிக்குச் சற்றே குறைகிறது, ஐயா, ஏறத்தாழ என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும்" என்றார். கல்வெட்டு எழுதியோர் முன் நின்றதுபோல் எனக்கு மனம் நிறைந்தது.

குடமுழுக்கு நன்னாளில் கலசத்தை அண்ணாந்து நோக்கும் அன்பர்கள், அதன் ஒளியையும் நிறையையும் ஒருங்கே எண்ணி வணங்குவாராக. பொன்னி வற்றாது பாய்க, வயல் விளைக, திருப்பணிக்குக் கைகொடுத்தோர் யாவரும் ஆடவல்லான் அருளால் நலமெலாம் பெற்று வாழ்க.

திருச்சிற்றம்பலம்